கடைமடை மருத்துவ வரலாறு – 11: நான்கரை மணி நேரம்

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியோடு சென்ற பகுதி முடிந்தது. இந்தப் பகுதி மூளை, நரம்பு வைத்தியத்தைப் பற்றியது. அதிலும் பக்கவாதத்தைப் பற்றியது. காரைக்கால் பக்கம் பெரும்பாலான குடும்பங்களில் இந்த நோயின் நினைவு ஒன்று இருக்கும். "காலையில எழுந்து பல் விளக்கப் போனாரு, வாய் கோணிடுச்சு" என்றோ, "ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு, அப்புறம் எட்டு வருஷம் கட்டில்தான்" என்றோ சொல்லுவார்கள். அந்தக் கட்டில் வருடங்களைத் தவிர்க்கும் மருந்து இன்று இருக்கிறது. அது எங்கே பிறந்தது, எந்த வழியாக இந்தக் கடற்கரைக்கு வந்தது, இன்னும் எவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது என்பதே இன்றைய கதை.

கதை 1882-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில், நரம்பு மண்டல நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி ழான் மார்த்தன் ஷார்க்கோவை அமர்த்தினார்கள். நரம்பியல் தனித் துறையாகத் தலையெடுத்ததை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது வழக்கம். அதே 1882-இல்தான் ரெயூனியன் தீவுக்கு இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாக அனுப்புவதை ஆங்கிலேய இந்திய அரசு நிறுத்தியது. அங்கே அவர்கள் நடத்தப்பட்ட விதம் அவ்வளவு மோசம். அதுவரை காரைக்கால் துறைமுகத்திலிருந்து தஞ்சை, நாகை வட்டாரத்து ஏழைகள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பாரிஸும் காரைக்காலும் அப்போது ஒரே கொடியின் கீழ் இருந்தன. ஒரு முனையில் மனித மூளையைப் பற்றிய அறிவு பிறந்துகொண்டிருந்தது. மறு முனையில் மனிதர்கள் தலைக்கணக்கில் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தார்கள். காலனி வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

ஷார்க்கோ நடுக்க நோயையும் நரம்பு தளர்ந்து போகும் நோய்களையும் பிரித்து வகைப்படுத்தினார். நடுக்க வாதத்துக்குப் பார்க்கின்சன் பெயரை வைத்ததும் அவர்தான். அவருக்கு முன்பே 1861-இல் அதே பாரிஸில் பால் புரோக்கா, பேச்சிழந்த ஒரு நோயாளி இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்து, பேச்சுக்கான இடம் இடப்பக்க முன்மூளையில் இருப்பதைக் காட்டினார். வலது கை விழுந்தவருக்குப் பேச்சும் சேர்ந்து போவது ஏன் என்பதற்கு அதில் விடை இருந்தது.

ஷார்க்கோவின் மாணவர் ஜோசப் பாபின்ஸ்கி 1896-இல் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பைத்தான் நான் இவை எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். இன்றும் எந்த அவசரப் பிரிவிலும் பக்கவாத நோயாளி வந்தால் பணி மருத்துவர் காலடியில் போய் நிற்பார். சாவியின் முனையையோ சுத்தியலின் காம்பையோ எடுத்து, குதிகாலில் தொடங்கி உள்ளங்காலின் வெளி ஓரமாக மேலே இழுத்து, சுண்டு விரலுக்குக் கீழே வளைத்துப் பெருவிரல் பக்கம் கொண்டுவருவார். நல்ல காலாக இருந்தால் பெருவிரல் கீழே மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதையில் அடிபட்டிருந்தால் பெருவிரல் மெதுவாக மேலே எழும்பும். மற்ற விரல்கள் விரியும். சில விநாடி வேலை. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், காசு வேண்டாம். நூற்று முப்பது ஆண்டுகளாக இந்தச் சோதனையைத் தள்ளிவைக்க ஒன்றும் வரவில்லை.

ஆனால் இந்தப் பிரெஞ்சு அறிவு இந்தப் பிரெஞ்சு ஊருக்குக் கப்பலில் வரவில்லை. 1739-இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரான்ஸ், இடையில் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்து மீட்டு, 1954 நவம்பர் 1 வரை ஆண்டது. அந்த நெடுங்காலத்தில் உலக நரம்பியலின் தலைநகரமே பாரிஸ்தான். கொடி இறங்கிய நாளிலும் காரைக்காலில் நரம்பு நோய்க்கென ஒரு பிரிவு கிடையாது. பாபின்ஸ்கியின் உள்ளங்கால் சோதனை இங்கே வந்து சேர்ந்தது ஆங்கிலப் பாடநூல்கள் வழியாக, சென்னையிலும் வேலூரிலும் படித்த மருத்துவர்களின் கைகளில்.

வேலூருக்கு அது எப்படி வந்தது? கேரளத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்று, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இன்னொரு பிரிவைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று திரும்பியவர் அவர். பிறந்தது 1922-இல், சீர்காழியில். காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி வழியாகப் போனால் வரும் அதே சீர்காழி. 1951-இல் இவர்கள் இருவரும், எஸ். டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் உருவாக்கினார்கள். பின்னால் ராமமூர்த்தியின் துறையிலிருந்து வந்தவர்தான் டி. எஸ். கனகா. 1968-இல் நரம்பு அறுவையில் பட்டம் பெற்ற அவர், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர். அவர் பெயரின் முதல் எழுத்து தஞ்சாவூரைக் குறிப்பது.

1950-களின் தொடக்கத்தில் காரைக்காலிலிருந்து ஒரு நோயாளியை வேலூருக்குக் கொண்டுபோவது என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். 1898-இல் வந்த பேரளம் ரயில்பாதை இருந்தது. பேரளத்தில் மாறி, மாயவரம், விழுப்புரம் என்று போய், அங்கே காட்பாடி வண்டி பிடிக்க வேண்டும். பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போது சுங்கச் சோதனை வேறு. அப்படிப் போய்ச் சேர்ந்தவருக்கும் அன்று இருந்த பரிசோதனை கடுமையானது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி, உள்ளிருக்கும் நீரை எடுத்து, காற்றைச் செலுத்தி, அந்தக் காற்று மூளையின் அறைகளுக்கு ஏறியதும் எக்ஸ்ரே எடுப்பார்கள். தலைவலி உயிரை எடுக்கும். கட்டியைக் கண்டுபிடித்து அகற்ற இது உதவியது. பக்கவாதக்காரருக்கு அதனாலும் பயனில்லை. புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும், தானாகத் தேறுகிறதா என்று காத்திருப்பதும்தான் வைத்தியம். அந்த வெற்றிடத்தில்தான் புறா ரத்தம் தேய்ப்பதும் மந்திரிப்பதும் நிலைத்தன. மருத்துவமனையில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட மக்கள் வேறு வாசலைத் தட்டியதை அறியாமை என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

நிலைமையை மாற்றியது 1971 அக்டோபர் 1. லண்டனை அடுத்த விம்பிள்டனில் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் ஒரு பெண்ணின் தலையை முதன்முதலாகப் படமெடுத்தார்கள். உயிரோடு இருப்பவரின் மூளையை, தலையைத் திறக்காமல் பார்க்க முடிந்தது. பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டு: ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, வெடித்துக் கசிவது ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பாபின்ஸ்கியின் விரல் இரண்டிலும் மேலேதான் எழும்பும். ஸ்கேனில் கசிவு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இந்தக் கருவி நம் நாட்டுக்கு வந்ததும் ஒரு புதிய குழப்பம் வந்தது. அதை வேலூர் தீர்த்து வைத்த கதை, தமிழ்நாடு உலக நரம்பியலுக்குக் கொடுத்த பெரிய கொடைகளில் ஒன்று. வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்த பலரின் மூளையில் ஒரே ஒரு சிறு வளையம் தெரிந்தது. நம் நாட்டில் அப்படித் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பது வழக்கமாயிற்று. வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்த வளையங்களில் சிலவற்றை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. உள்ளே இருந்தவை பெரும்பாலும் பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த, செத்துக்கொண்டிருக்கும் இளம்புழுக்கள். 1991-இல் இதை வெளியிட்டார்கள். வளையம் 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால், மூளையில் அழுத்தம் கூடாமல் இருந்தால், நோயாளிக்கு நாளுக்கு நாள் கூடும் பலவீனம் இல்லாதிருந்தால், காசநோய் மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், வலிப்பு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாம் என்று அளவுகோல் வகுத்தார்கள். பலருக்கு அந்த வளையம் சில மாதங்களில் தானே மறைந்தது. எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாத மருந்திலிருந்தும் மண்டை அறுவையிலிருந்தும் தப்பினார்கள். இங்குள்ள நோயை இங்குள்ளவர்கள் உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்த விடை அது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதல் மருந்தாக இருக்கும் எல்-டோபா, 1960-களில் வியன்னாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளுக்குக் கொடுத்து நிலைநாட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1937-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். தொட்டால் அரிக்கும் பூனைக்காலிதான். நடுக்கத்துக்கு அது மருந்தாகும் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

பக்கவாதத்துக்கு வருவோம். 1995 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 624 நோயாளிகள். அடைப்பு வகைப் பக்கவாதம் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் உறைகட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில், மூன்று மாதம் கழித்து ஊனமில்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் அதிகம். விலையும் இருந்தது: மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது, பெறாதவர்களில் 0.6 சதவீதம்தான். அதனால்தான் ஸ்கேன் பார்க்காமல் இந்த ஊசியைத் தொடவே கூடாது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்த மூன்று மணியை நான்கரை மணியாக நீட்டியது. இந்தப் பகுதியின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

2015 இன்னொரு திருப்பம். நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த ஆய்வு, பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி மூளைவரை கொண்டுபோய்க் கட்டியையே வெளியே இழுத்துவிடலாம் என்று காட்டியது. அப்படிச் செய்தவர்களில் 32.6 சதவீதம் பேர் பிறர் உதவியில்லாமல் வாழும் நிலைக்கு வந்தார்கள், செய்யாதவர்களில் 19.1. அதே ஆண்டில் மேலும் நான்கு ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. 2018-இல், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட இது பலன் தரும் என்று தெரிந்தது. ஆனால் அதற்கான கூடமும் கை தேர்ந்தவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள்.

காரைக்கால் போன்ற ஊருக்கு என் கணிப்பில் இதைவிட முக்கியமானது டெனெக்டிபிளேஸ் என்ற மருந்து. ஆல்டிபிளேஸில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகப் போட்டு, மிச்சத்தை ஒரு மணி நேரம் கருவி வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிபிளேஸ் எடைக்கேற்ற அளவில் ஒரே ஊசி, சில விநாடிகளில் முடிந்துவிடும். போட்டுவிட்டு நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றலாம். 2022-இல் கனடாவில் நடந்த பெரிய ஆய்வு, இது ஆல்டிபிளேஸுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. அமெரிக்கா 2025 மார்ச்சில்தான் பக்கவாதத்துக்கு இதை அனுமதித்தது. இந்தியாவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, விலை குறைவான உள்நாட்டுத் தயாரிப்பாகவே, இது புழக்கத்தில் இருக்கிறது.

இனி ஒரு கணக்கு. திருமலைராயன்பட்டினத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் காலை ஐந்தரைக்கு வாசல் தெளிக்கும்போது வலது கை விழுந்து, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பித்த மயக்கம், கொஞ்சம் படுக்கட்டும்" என்று வீட்டில் ஒரு மணி நேரம் போகிறது. மணி ஆறரை. வண்டி பிடித்து காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனைக்கு வர ஏழு. பார்த்து, ஸ்கேன் எடுத்து முடிக்க ஏழே முக்கால். இங்கேயே ஊசி போட்டால் எட்டு மணிக்குள், அதாவது இரண்டரை மணி நேரத்துக்குள், மருந்து உடம்பில் இருக்கும். போடாமல் புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினால்? சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டின் இரண்டு மாவட்டங்களைக் கடந்து மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். மூன்று மணி நேரம் என்று வைத்தால்கூட வாசலை அடையும்போது பதினொன்றைத் தொட்டிருக்கும். நான்கரை மணி நேரம் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. பெரிய குழாய் அடைப்பு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டார். அந்தச் சாலையில் போகும் மூன்று மணி நேரத்தை அந்த எண்ணோடு பெருக்கிப் பாருங்கள்.

வழியை மற்ற மாநிலங்கள் காட்டியிருக்கின்றன. மலையும் பள்ளமுமான இமாச்சலப் பிரதேசத்தில், ஸ்கேன் வசதியுள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தூரத்திலிருக்கும் நரம்பியல் நிபுணர் தொலைபேசியில் ஸ்கேன் படத்தைப் பார்த்து வழிநடத்த, அங்கேயே ஊசி போட வைத்தார்கள். அசாமில் ஐ.சி.எம்.ஆர். ஸ்கேன் கருவியை வண்டிக்குள்ளேயே வைத்து நோயாளியின் ஊருக்கு அனுப்பியது. இந்த வண்டி முதலில் ஓடியது 2008-இல் ஜெர்மனியில். அசாமில் சிகிச்சை தொடங்கும் நேரம் சுமார் 24 மணியிலிருந்து 2 மணியாகக் குறைந்ததாகவும், இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகவும் ஐ.சி.எம்.ஆர். தெரிவித்தது. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி என்று எந்தக் கொம்யூனிலிருந்தும் காரைக்கால் நகரம் பக்கம்தான். நமக்கு அசாமின் வண்டிகூட வேண்டியதில்லை. இமாச்சலத்தின் தொலைபேசி போதும். அது ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

ஊசிக்குப் பின்னாலும் ஒரு காலம் இருக்கிறது. நம் வீடுகளில் பக்கவாதக்காரரைத் தூக்கி உட்கார வைப்பதும் கை காலை நீட்டி மடக்குவதும் மனைவி, மகள், மருமகள் தலையில் விழுகிறது. அவர்களுக்கே முறையாகச் சொல்லிக் கொடுத்தால் பயிற்சியாளர் இல்லாத குறை தீருமா என்று லூதியானாவின் ஜெயராஜ் துரை பாண்டியன் உள்ளிட்டோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: தீரவில்லை. குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்த வீட்டுக்கும் கொடுக்காத வீட்டுக்கும் வித்தியாசமில்லை. ஏமாற்றமான முடிவுதான். ஆனாலும் அதை வெளிப்படையாகச் சொன்னதில் பெரிய நன்மை உண்டு. இனி எந்த அரசும் "வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள்" என்று கைகழுவ முடியாது. பிசியோதெரபி தெரிந்தவர் ஊருக்குள் வர வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன பள்ளிக்குத் திரும்ப வேண்டிய இடம் இது. 1823-இன் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆனது. 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது. அதன் கிளை காரைக்காலில் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது 2016-இல். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு வர அந்தப் பள்ளிக்கு 193 ஆண்டுகள் ஆயின. அறிவு இந்தக் கடற்கரைக்கு வரும் வேகம் இதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறது. இன்று கல்லூரியும் வந்துவிட்டது, மருந்தும் ஒரே ஊசியாகச் சுருங்கிவிட்டது. இரண்டையும் ஒரே அவசரப் பிரிவில், இரவும் பகலும், ஒன்று சேர்ப்பது புதுச்சேரி அரசும் ஜிப்மரும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். முடித்தே ஆக வேண்டிய காரியமும்கூட.

அதுவரை வாசகர்கள் செய்ய வேண்டியது உண்டு. வீட்டில் யாருக்காவது வாய் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை தூக்க வராமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், காத்திருக்காதீர்கள். தண்ணீர், காபி, சோடா, மாத்திரை எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருக்கலாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். 108-ஐ அழைத்து, ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

(அடுத்த பகுதி: வயல்வெளிக் கொசுவும் மூளைக்காய்ச்சலும்)